ஒத்து ஊதுவோர்

தமிழில் ஒரு வசைமொழி உண்டு. தனக்கென ஒரு கருத்தின்றிப் பிறர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவனை, "அவன் ஒத்து ஊதுகிறான்" என்கிறோம். அரசியல் மேடையிலும் தேநீர்க் கடையிலும் இத்தொடர் நாள்தோறும் அடிபடுகிறது. இவ்வசைக்குத் தன் தொழிலை ஈந்த மனிதன் யார்? நாதஸ்வர மேளத்தின் கடைக்கோடியில் நின்று, விரல்களுக்கு வேலையே இல்லாத நீண்ட குழலொன்றை வாயில் வைத்து, ஒரே சுரத்தை மணிக்கணக்காக இழுத்துக்கொண்டிருப்பவன் அவன். ஒத்துக்காரன் என்பது அவனுக்கு வழங்கும் பெயர்.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா நடக்கும் நாளிலே, சுவாமி லயங்களின் வழியே இறங்கி வரும்போது, சனங்களின் கண் முதலில் நாதஸ்வர வித்துவானிடம் செல்லும். பின் தவிற்காரரின் விரல்களில் தங்கும். தாளம் தட்டும் சிறுவனையேனும் சிலர் பார்ப்பர். ஒத்துக்காரனை எவரும் பார்ப்பதில்லை. அவன் ஊதுவதை நிறுத்தும் கணத்திலேதான், காற்றில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டதென நம் செவி உணர்கிறது. "சுருதி மாதா, லயம் பிதா" என்று வாய் நிறையச் சொல்லும் நாம், அந்தத் தாயைச் சுமந்து வருகிறவனை வரிசையின் கடைசியில் நிறுத்தி, அவன் தொழிலை வசையாகவும் ஆக்கிக்கொண்டோம்.

அவன் செய்யும் வேலை எளிதன்று. ஒத்து என்பது நாதஸ்வரத்தின் உடன்பிறப்பு. மரக்குழலும் சீவாளியும் அணைசும் இரண்டுக்கும் பொது. நாதஸ்வரத்தில் விரலிட்டு வாசிப்பதற்கு ஏழு துளைகளும், அடிப்பகுதியில் சுருதியைச் செம்மை செய்வதற்கு ஐந்து துளைகளும் உள்ளன. ஒத்திலோ விரற்றுளை இல்லை. அடியிலுள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொள்வர். சேர்த்தபின் அந்த ஒரு சுரம் அறுபடலாகாது. கன்னங்களிலே காற்றைத் தேக்கி, அதனைக் குழலுக்குள் செலுத்திக்கொண்டே மூக்கினால் மூச்சை உள்வாங்க வேண்டும். இந்த மூச்சுப் பயிற்சி கைவந்த பின்னரே மாணவன் நாதஸ்வரத்தைத் தொடுவது மரபாக இருந்தது. குருவின் பின்னால் நின்று ஆண்டுக்கணக்கில் ஒத்து ஊதியவன், அவ்வளவு காலமும் குருவின் இராக ஆலாபனையை மிக அருகிலிருந்து கேட்டவனும் ஆவான். ஒத்து அவனுக்குத் தொழிலும் பள்ளிக்கூடமுமாக விளங்கியது.

இந்த ஒற்றைச் சுரத்தைப் பற்றி இன்று உலகின் வேறொரு மூலையில் சில கலைஞர்கள் ஆழ்ந்து சிந்திக்கின்றனர். அவர்கள் கெல்திக் இனத்தாரின் மரபுக் கருவியாகிய 'பேக்பைப்' என்னும் பைக்குழலை வாசிப்பவர்கள். அவர்களுடைய சோதனைகளைப் பார்த்துவிட்டு நம் ஒத்துக்காரனிடம் மீண்டும் வந்தால், அவன் வேறொரு மனிதனாகத் தோன்றக்கூடும்.

பெயரளவில் நின்ற உறவு

பைக்குழலுக்கும் ஊவாவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். நம் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே விடை கிடைக்கும். அப்புத்தளையில் கிளெனனோர், பதுளையில் கிளென் அல்பின், பண்டாரவளையில் கிரேக். 'கிளென்' என்பது ஸ்கொட்லாந்து மலைநாட்டுக் கெயிலிக் மொழியில் பள்ளத்தாக்கு. 'கிரேக்' என்பது பாறை. 1890இல் தம்பேத்தென்னையை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரிலே பிறந்தவர். தேயிலைப் பயிர் இலங்கையில் வேரூன்றிய காலத்துத் துரைமாருள் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். தங்கள் ஊர்ப் பள்ளத்தாக்கின் பெயரைப் பிறர் வியர்வை சிந்திய மண்ணுக்கு இட்டுச் சென்றனர் அவர்கள். மொழியின் சில சொற்கள் நம்மிடம் தங்கின. அம்மொழி பேசியோரின் இசை தங்கவில்லை. அதனாலேயே பைக்குழல் என்றவுடன் நம்மிற் பலருக்குப் பாவாடை போன்ற உடையணிந்த படைவீரர் அணிவகுப்பு மட்டும் நினைவுக்கு வருகிறது.

அக்கருவியின் அமைப்பைக் கவனித்தால் அதன் அந்நியம் பாதி மறைந்துவிடும். ஸ்கொட்லாந்தின் பெரும் பைக்குழலில், கையால் வாசிக்கும் இசைக்குழல் ஒன்று உண்டு. அது நாதஸ்வரத்தைப் போலவே மேலே குறுகிக் கீழே விரிவது. இரட்டை நாக்குடைய சீவாளியால் ஒலிப்பது. அதில் எழும் சுரங்கள் ஒன்பது. தோளின்மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று நீண்ட குழல்களுக்கு விரல் வேலை இல்லை. இரண்டு குழல்கள் ஆதார சுருதியை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மூன்றாவது அதனினும் ஒரு ஸ்தாயி கீழே முழங்கும். நாதஸ்வரக்காரர் ஒருவரையும் ஒத்துக்காரர் மூவரையும் ஒரே மனிதனின் தோளில் ஏற்றிவைத்தாற் போன்ற அமைப்பு அது. ஒத்துக்காரனின் கன்னம் செய்யும் தொழிலை அங்கே தோற்பை செய்கிறது. வாயால் ஊதிப் பையை நிரப்பி, முழங்கையால் அதனை அமுக்கியபடியே இருந்தால், மூச்சு வாங்கும் போதும் நாதம் அறாது.

இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. நாதஸ்வரக்காரரின் உதடு சீவாளியைத் தொடுகிறது. ஆதலால் அவர் ஒலியைப் பெருக்கலாம், மெலிக்கலாம், கமகத்தால் சுரத்தை அசைக்கலாம், வேண்டுமிடத்து நிறுத்தலாம். பைக்குழலில் சீவாளி மரத்துக்குள் மறைந்திருக்கிறது. உதடு அதனைத் தொடுவதில்லை. ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இடையிலே மௌனம் வைக்கவோ மரபு முறையில் இயலாது. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க வேண்டுமாயின், இடையே மின்னல் வேகத்தில் வேறொரு சுரத்தைத் தொட்டு மீளல் வேண்டும். இத்தகைய நுண்சுர அணிகளே அக்கலையின் இலக்கணமாயின.

அங்கும் குலவழி வித்துவான்கள் இருந்தனர். ஸ்கை தீவில் மக்லவுட் குடித்தலைவர்களின் ஆதரவில் வாழ்ந்த மக்கிரிமன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பைக்குழல் கற்பித்தனர். பாடத்தை ஏட்டில் எழுதாது, 'கான்தரக்' என்ற வாய்ச்சொற் கோவைகளாகப் பாடியே மாணவனுக்கு ஏற்றினர். தவிலுக்குச் சொற்கட்டு எப்படியோ அப்படியே அவர்களுக்கு இது. 'பிப்ராக்' என்னும் அவர்களுடைய பேரிசை வடிவம் ஓர் எளிய மெட்டில் தொடங்கி, அணிமேல் அணி ஏற்றிச் சிக்கலின் உச்சிக்குச் சென்று, இறுதியில் அந்த எளிய மெட்டுக்கே திரும்பி அடங்கும். அத்தொடக்க மெட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஊர்லர்'. தரை என்பது அதன் பொருள். எவ்வளவு உயரப் பறந்தாலும் கால் வைக்கத் தரை வேண்டும் என்று அறிந்த ஒரு மரபு அது.

கட்டளைக்குக் கட்டுண்ட கருவிகள்

இத்துணை நுட்பமான கருவி படைமுரசின் தோழனாக மட்டும் உலகுக்கு அறிமுகமானது ஏன்? 1746இல் கலோடன் போரிலே ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. சிறைப்பட்ட ஜேம்ஸ் ரீட் என்னும் பைக்குழல் வாசிப்பவர், தாம் வாள் ஏந்தியதில்லை, குழலே ஊதினேன் என்று யோர்க் நகர் நீதிமன்றத்தில் வாதிட்டார். மலைநாட்டுப் படை குழலூதுவோன் இன்றி நடந்ததில்லை. ஆதலால் குழலும் போர்க்கருவியே என்பது நீதிபதிகளின் முடிவு. அவ்வாண்டு நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். எந்தக் கருவிக்காக ஒருவனைத் தூக்கிலிட்டதோ, அந்தக் கருவியையே பின்னர்ப் பேரரசு தன் படைகளுக்கு முன்னே நடத்திச் சென்றது. அப்படைகளின் வழியே அது இமயமலை அடிவாரத்துக்கும் வந்தது. கட்வால் பகுதியின் திருமண ஊர்வலங்களில் 'மசக் பீன்' என்ற பெயரில் இன்றும் அது ஒலிக்கிறது.

மலையகத்து வாசகருக்கு இக்கதை புதிதன்று. தப்பு என்னும் பறைக்கு நம்மிடையே நேர்ந்ததும் இத்தகையதே. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கத் தப்பு அடிக்கப்பட்டது. காமன் கூத்தில் ஆட்டத்துக்கு உயிரூட்டும் அதே தப்பு, துரைமாரின் கடிகாரத்துக்கு ஏவலாளாகவும் நின்றது. தீயில் தோலை வாட்டிச் சுருதி ஏற்றும் நுட்பத்தையும், அடவுக்கு அடவு மாறும் அடிகளையும் அறிந்த கலைஞனை 'தப்படிக்கிறவன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். ஒரு கருவியை ஒரே வேலைக்குக் கட்டிப்போடும்போது, அதன் மற்றக் குரல்களைக் கேட்கும் செவியையும் நாம் இழந்துவிடுகிறோம். பைக்குழலின் புதிய சோதனையாளர் செய்ய முயல்வது அந்தக் கட்டை அவிழ்ப்பதே.

சோதனை செய்தோர்

1963 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் இறுதி ஊர்வலத்திலே ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவொன்று பைக்குழல் வாசித்துச் சென்றது. அதனைத் தொலைக்காட்சியிற் கண்டவர்களுள் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினச் சாக்சபோன் கலைஞர் ரூபஸ் ஹார்லி (1936–2006) ஒருவர். அவ்வொலி அவரை விடவில்லை. நியூயோர்க்கிலே ஓர் அடகுக் கடையில் பைக்குழல் ஒன்றைத் தேடி வாங்கி, அதில் ஜாஸ் இசை வாசிக்கத் தலைப்பட்டார். 1965இல் அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஸ்கொட்லாந்துக்காரரின் படைக்கருவியில் கறுப்பின மக்களின் துயரப் பண் எழுந்தது. நகைத்தவர் பலர், அவர் இறுதிவரை கருவியை விடவில்லை.

யப்பானிலே பிறந்து நியூயோர்க்கில் குடியேறிய யோஷி வாடா (1943–2021) வேறு வழியில் வந்தவர். குழாய் பொருத்தும் தொழிலும் தெரிந்த அவர், நீண்ட குழாய்களைக் கொண்டு தாமே ஊதுகருவிகள் செய்தார். ஸ்கொட்லாந்துப் பைக்குழலைப் பயின்றார். அத்தோடு, 1970இல் நியூயோர்க் சென்ற இந்துஸ்தானி இசைப் பாடகர் பண்டிதர் பிரான் நாத்திடம் மாணவராகவும் அமர்ந்தார். கிரானா மரபினரான பிரான் நாத் தம்புராவின் சுருதியிலே நெடுநேரம் ஆழ்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் ஆற அமர விரிப்பவர். அவரிடமிருந்து மேற்கு நாட்டுப் புதிய இசையாளர் பலர் கற்ற பாடம் யாது? சுருதி என்பது பாட்டுக்கு விரித்த பாய் மட்டுமன்று. அதுவே கேட்கத்தக்க ஒரு பெரும் பொருள் என்பதாம். வாடா நீரற்ற நீச்சற்குளம் ஒன்றினுள் நின்று பாடியும் பைக்குழல் ஊதியும் ஒலிப்பதிவு செய்தார். சுவர்களில் மோதித் திரும்பிய ஒற்றைச் சுரமே அங்கு இசையாயிற்று. தம்புரா கற்பித்ததைப் பைக்குழல் பேசிற்று எனலாம்.

பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் பிரெத்தாஞ் என்னும் கெல்திக் நிலப்பகுதி உண்டு. அங்கு ஊர்த் திருமணங்களுக்கும் நடனங்களுக்கும் இருவர் சேர்ந்து ஊதுவது மரபு. ஒருவர் 'பொம்பார்து' எனப்படும் இரட்டை நாக்குக் குழலை வாசிப்பார். மற்றவர் சிறு பைக்குழலால் அவர் விட்ட அடியைத் தொடர்ந்து எடுப்பார். அம்மண்ணின் மரபிலே வளர்ந்த ஏர்வான் கெராவெக் என்பவர், பைக்குழலைத் தனிக்கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். பிரெத்தாஞ் மரபோடு தொடர்பற்ற தற்கால இசையமைப்பாளரிடம் சென்று, பைக்குழலுக்கென்றே புதிய உருப்படிகள் எழுதித் தருமாறு கேட்டுப் பெற்றார். எலியான் ரதீக் போன்ற முதுபெரும் இசையாளர் அவருக்காகப் படைத்தனர். அமெரிக்கரான டெரி றைலி 1964இல் ஆக்கிய, 53 சிறு சுரத்தொடர்களாலாகிய புகழ்பெற்ற உருப்படியை இருபது கிராமியக் குழலிசைஞரைக் கூட்டி வாசிப்பித்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொடரையும் தமக்கு விருப்பமான தடவை திருப்பி வாசித்து அடுத்ததற்குச் செல்லலாம் என்பதே அவ்வுருப்படியின் விதி. கூட்டமாக ஒரே மெட்டை ஒரே அடியில் ஊதிப் பழகிய கருவிகள் அங்கே தனித்தனியாகச் சிந்திக்கத் தொடங்கின.

கெயிலிக் மொழி வழங்கும் ஸ்கை தீவிலிருந்து இன்று வந்திருக்கும் இளங்கலைஞர் பிரீச்சா கைம்பெல். வாயால் ஊதாது, கைக்கடியில் கட்டிய துருத்தியால் காற்றூட்டும் சிறு பைக்குழல் அவரது கருவி. கொல்லன் உலைத் துருத்தியை நினைத்துக்கொள்க. 2023இல் வெளிவந்த அவரது இசைத்தொகுப்பில் கனடாவில் வாழும் சாக்சபோன் கலைஞர் கொலின் ஸ்டெட்சன் உடன் வாசித்துள்ளார். அவ்விசையில் சுருதிக் குழல்கள் பின்னணியில் ஒதுங்கி நிற்பதில்லை. மெட்டு அவற்றினுள்ளிருந்து அலைபோல எழுந்து மீண்டும் அவற்றுள்ளே அமிழ்கிறது. மக்கிரிமன் குடும்பத்தார் வாழ்ந்த தீவில், தரை என்று பெயரிட்ட அந்த அடித்தளமே இசையின் உடலாகியிருக்கிறது.

ஒற்றைச் சுரத்துள் என்ன உண்டு?

ஒரே சுரம் சலிப்புத் தராதா என்பது நியாயமான வினா. இதற்கு விஞ்ஞான ஆசிரியர் விடை கூறல் வேண்டும். இரு குழல்கள் முற்றும் ஒத்து ஒலிப்பது அரிது. ஒன்று செக்கனுக்கு 240 தடவையும் மற்றொன்று 241 தடவையும் அதிருமாயின், செக்கனுக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். இப்பெருக்கத் தணிவை விம்மல் என்பர். சீவாளி சற்றே ஈரமாயினும் காற்று சற்றே மாறினும் விம்மலின் வேகம் மாறும். அன்றியும், சீவாளியில் எழும் சுரம் எதுவும் தனிச்சுரமன்று. அடிச்சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுடைய மேற்றொனிகள் அதனுள் அடங்கியுள்ளன. நெடுநேரம் உற்றுக் கேட்கும் செவிக்கு அவை ஒவ்வொன்றாக வெளிப்படும். இவற்றை வேண்டுமென்றே வெளிக்கொணர்வதே இப்புதிய குழலிசைஞரின் சோதனை. பையின் அழுத்தத்தை மாற்றியும், சுருதிக் குழல்களை மயிரிழை விலக்கியும், கருவிக்குள் எப்போதும் இருந்துவந்த ஒலிகளை அவர்கள் முன்னே கொண்டுவருகின்றனர். மரபு குறையென்று ஒதுக்கிய கீச்சொலியும் கரகரப்பும் அவர்களிடம் இசையின் சொற்களாகின்றன.

இச்சோதனையை வகுப்பறையிலே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு போத்தல்களில் ஏறத்தாழச் சமமாக நீர் ஊற்றி, இரு மாணவர் ஒருசேர அவற்றின் வாயில் ஊதட்டும். ஒன்றில் துளித் துளியாக நீர் கூட்டிக்கொண்டே போக, விம்மல் விரைவதையும் தளர்வதையும் வகுப்பு முழுவதும் கேட்கும்.

தமிழரிடம் இருந்த பைக்குழல்

நிற்க. பைக்குழல் தமிழருக்கு முற்றிலும் புறம்பான கருவியும் அன்று. நாதஸ்வரக் குழுவைப் பெரிய மேளம் என்றும், சதிர் ஆட்டக் குழுவைச் சின்ன மேளம் என்றும் வழங்கிய காலத்திலே, சின்ன மேளத்தில் சுருதிக்காகத் தோற்பைக் கருவி ஒன்று இருந்தது. துத்தி என்றும் துருத்தி என்றும் அதனை அழைத்தனர். ஆட்டுத்தோலாலான பையில் நாணற் குழல் செருகப்பட்டிருக்கும். பையை அமுக்க ஒரே சுரம் ஒலிக்கும். தஞ்சைப் பகுதியில் ஆங்கிலேயருக்காக வரையப்பட்ட பழைய ஓவியங்களில், ஆடும் மங்கையின் பின்னே நட்டுவனாரோடும் மத்தளக்காரரோடும் துத்திக்காரனும் நிற்பதைக் காணலாம். தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி 1891இல் நூல் வெளியிட்ட கப்டன் டே என்னும் ஆங்கிலப் படையதிகாரி, இதனைச் சுருதி உபாங்கம் என்ற பெயரால் விவரித்துள்ளார். ஆர்மோனியச் சுருதிப் பெட்டி வந்தபின் துத்தி மெல்ல மறைந்தது. அதற்கு எவரும் இரங்கற்பா பாடவில்லை. ஒரே சுரம் மட்டும் ஒலிக்கும் கருவிக்கு யார் இரங்குவார்?

மறைந்த யாழை மீட்டெடுக்க ஈழத்து அறிஞர் விபுலாநந்த அடிகள் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை ஈந்தார். 1947இல் யாழ் நூல் வெளிவந்தது. யாழுக்குக் கிடைத்த அந்தப் பேறு துத்திக்குக் கிடைக்கவில்லை.

சக்கரவர்த்தியின் சோதனை

மரபுக் கருவியை வைத்துக் கச்சேரி மேடையிலே துணிந்து சோதனை செய்தவர் தமிழரிடையே இல்லாமற் போகவில்லை. அவர்களுள் தலையாயவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). வாய்ப்பாட்டுப் பயிற்சியோடு நாதஸ்வரத்துக்கு வந்த அவருக்கு, அக்காலத்துத் திமிரி நாதஸ்வரத்தின் குட்டையான உடலும் உச்சக் குரலும் போதவில்லை. மனிதக் குரலின் ஆழத்தைத் தொடும் குழல் வேண்டுமென விழைந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி என்னும் கைவினைஞர், நீளம் மிகுந்த பாரி நாதஸ்வரத்தில் துளைகளின் இடத்தையும் உட்குடைவையும் திருத்தி, சுத்த மத்திமம் செம்மையாகப் பேசும் குழலை ஆக்கினார். பிள்ளையவர்களின் பெயரோடு பிரியாது நிற்கும் தோடி இராகத்துக்குரிய மத்திமம் அதுவே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வித்துவான்கள் வீதியிலே நின்றும் நடந்தும் வாசித்த காலத்தில், மேடையில் அமர்ந்து வாய்ப்பாட்டு வித்துவானுக்கு நிகரான மதிப்புடன் வாசிப்பேன் என்று அவர் நிமிர்ந்து நின்றார். 1940இல் 'காளமேகம்' திரைப்படத்தில் கதாநாயகனாக நடித்தார். ஒத்தை விலக்கித் தம்புராவின் சுருதியை நாதஸ்வர மேடைக்குக் கொண்டுவந்தோருள்ளும் அவரே முதன்மையானவர். வீதியின் இரைச்சலுக்கு ஒத்து ஏற்றது. மண்டபத்தின் அமைதியில் நுண்ணிய கமகங்கள் கேட்க வேண்டுமாயின் தம்புராவின் மெல்லொலியே பொருந்தும் என்பது இசை நியாயம். வரிசையில் ஒருவராக நின்ற கலைஞன், சபையின் நடுவில் அமரும் வித்துவானாக உயர்ந்தான் என்பது சமூக நியாயம். இவ்விரண்டையும் நாம் போற்றவே வேண்டும்.

ஆயினும் இரு சோதனைகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. நம் சக்கரவர்த்தி கருவியை உயர்த்தும் வழியில் ஒத்துக்காரன் மேடையிலிருந்து இறங்கினான். கெல்திக் குழலிசைஞர் கருவியை உயர்த்தும் வழியில் சுருதிக் குழல் மேடையின் நடுவுக்கு வந்தது. ஒன்றைச் சரியென்றும் மற்றதைப் பிழையென்றும் கொள்வதற்கில்லை. நம் இசை இராகத்தின் வளைவுகளிலே உயிர் வாழ்வது. அதற்கு அசையாத சுருதி துணையாக நிற்பதே இயல்பு. பைக்குழல் சுரத்தை அசைக்க இயலாத கருவி. அது தன் குறையையே ஆராய்ந்து அதனுள் ஒரு செல்வத்தைக் கண்டது. அவரவர் கருவியின் உடலை அறிந்து சோதனை செய்தனர். இருவரும் தத்தம் மரபைக் கசடறக் கற்ற பின்னரே அதனைத் தாண்டினர் என்பதும் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

கவலை வேறிடத்தில் உள்ளது. 1970களிலிருந்து பரவிய மின்னணுச் சுருதிப் பெட்டி ஒத்தையும் தம்புராவையும் ஒருங்கே விலக்கிவிட்டது. இன்று கைத்தொலைபேசியிலேயே சுருதி ஒலிக்கிறது. செலவு குறைவு, ஊருக்கு ஊர் சுமந்து செல்லும் பாரமும் இல்லை. தோட்டத்துத் திருவிழாவுக்குக் கிடைக்கும் சிறு தொகையிலே ஆளைக் குறைக்க வேண்டியிருக்கும் மேளகாரரை நாம் குறை கூறலாகாது. ஆனால் ஒத்து ஊதும் இடம் மறையும்போது அந்த இடத்தில் நின்று கற்கும் மாணவனும் மறைகிறான். மூச்சை அடக்கி ஆளும் பயிற்சியும், குருவின் தோளருகே நின்று பெறும் கேள்வி ஞானமும் பெட்டிக்குள் அடங்குவன அல்ல. பெட்டியின் சுரம் நடுங்குவதில்லை. சீவாளி ஈரத்தில் மாறுவதுமில்லை. மேற்கு நாட்டார் எந்த நடுக்கத்தைத் தேடித் தேடிச் சோதனை செய்கின்றனரோ, அந்த நடுக்கத்தை நாம் விலைகொடுத்து அகற்றிவருகிறோம்.

மொனராகலை மாவட்டத்துக்கு இவ்விடயத்தில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. கதிர்காமம் இம்மாவட்டத்திலேதான் இருக்கிறது. ஆடித் திருவிழாக் காலத்தில், கிழக்குக் கரையோரக் காடுகளைக் கடந்து வரும் பாதயாத்திரைக்காரரும், தோட்டங்களிலிருந்து காவடி சுமந்து வருவோரும், சிங்கள யாத்திரிகரும் ஒருங்கே கூடுகின்றனர். சிங்கள மரபின் ஹொரணாவவும் நாதஸ்வரமும் இரட்டை நாக்குச் சீவாளியால் பேசும் ஒரே குலத்துக் கருவிகள். வட இந்திய ஷெனாயும் பிரெத்தாஞ்சின் பொம்பார்தும் பைக்குழலின் இசைக்குழலும் அக்குலத்தின் தூரத்து உறவுகள். இத்துணை உறவினர் பேசும் மொழியை ஒப்பிட்டுக் கேட்க, எம் பகுதி இசை மாணவருக்குக் கடல் கடந்து செல்ல வேண்டிய தேவை பாதியளவே உண்டு.

பாடசாலைகளும் இலக்கிய வட்டங்களும் செய்யத்தக்கன சில உள. எஞ்சியிருக்கும் ஒத்துக் கலைஞரை அழைத்து, அவர் ஊதுவதை மட்டும் பத்து நிமிடம் கேட்க ஓர் அவை கூட்டலாம். அவர் மூச்சு வாங்கும் முறையையும் மெழுகால் சுருதி சேர்க்கும் முறையையும் மாணவர் எழுதி வைக்கலாம். தப்புக் கலைஞரின் அடிகளை அவற்றின் பெயர்களோடு பதிவு செய்யலாம். ஓவியங்களிலும் பழைய நூலிலும் காணப்படும் துத்தியை ஒரு தச்சரும் ஒரு தோல் வேலைக்காரரும் சேர்ந்து மீண்டும் செய்து பார்க்கலாம். அதனை ஊதுபவன் மரபாளனா, சோதனையாளனா என்ற வழக்கைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

ஒத்து ஊதுவது பிறருக்குத் தலையாட்டும் தொழிலன்று. மற்றவர் மேலே எழுந்து திரிந்து, வழி தவறாது திரும்பி வருவதற்காக, ஓரிடத்தில் மூச்சு விடாது நிற்கும் தொழில் அது. அடுத்த திருவிழாவில் மேளம் எம்மைக் கடந்து செல்லும்போது, வரிசையின் கடைசியில் அவன் இன்னும் நிற்கின்றானா என்று பார்ப்போமாக. நின்றால், சற்று நேரம் அவனோடு நடந்து கேட்போமாக.